மேற்குச் சுவருக்கு வாசனைக்கொடி: இரண்டு வருஷமாகப் பச்சை மட்டும்தான், பூ இல்லை

திருநகர்வாசி | மார்ச் 9, இரவு 9.20

வணக்கம். வீடு மதுரை திருநகரில். மேற்குப் பக்கம் நாலடிக் காம்பவுண்டு சுவர், இருபதடி நீளம். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் மூடி, ஓடாத ஸ்கூட்டர் ஒன்று, கொடியில் துணி. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் இதுதான் கண்ணுக்கு எதிரே. வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும், ராத்திரி வாசனை வர வேண்டும், கம்பியில் ஏற வேண்டும் என்று தேடினேன். பார்த்த வீடியோ எல்லாவற்றிலும் ஸ்டார் ஜாஸ்மின், ஸ்டார் ஜாஸ்மின் என்றே வந்தது. ஒரு நர்சரியில் சொல்லிவைத்து இரண்டு செடி வாங்கினேன். சுவரை ஒட்டி இரும்புக் குழாய் நட்டு, ஏழடிக்குக் கம்பி வலை அடித்து ஏற்றிவிட்டேன்.

இலை கரும்பச்சை, பளபளப்பு, பார்க்க அழகு. பூ ஒன்றுகூட இல்லை. போன மாதத்திலிருந்து இலை நுனி தீய்ந்த மாதிரி பழுப்பாகிறது. டி.ஏ.பி. உரம் போட்டேன், மீன் அமிலம் ஊற்றினேன், சாணம் கரைத்து ஊற்றினேன். வீட்டுக்காரம்மா அதற்கு 'ஊமை மல்லி' என்று பெயர் வைத்துவிட்டாள். என்ன செய்யலாம்?

மொட்டைமாடி | மார்ச் 9, இரவு 10.05

அண்ணே, உரத்தை நிறுத்துங்கள். முதலில் அது என்ன செடி என்று தெரிய வேண்டும். ஸ்டார் ஜாஸ்மின் என்று கேட்டால் நம் ஊரில் ஆளுக்கொரு செடியைத் தூக்கிக் கொடுப்பார்கள். காலையில் ஒரு இலையைக் காம்போடு கிள்ளி, பால் வருகிறதா என்று பாருங்கள். கையில் பட்டால் கழுவிவிடுங்கள், சிலருக்கு அரிக்கும்.

பெங்களூரு மதுரைக்காரன் | மார்ச் 9, இரவு 11.30

பூர்வீகம் தெப்பக்குளம், பிழைப்பு ஒயிட்ஃபீல்டு. என் பால்கனியில் இதே ஸ்டார் ஜாஸ்மின் மூன்றாம் வருஷத்திலிருந்து ஏப்ரலில் அள்ளிக் கொட்டுகிறது. பொட்டாஷ் கொடுங்கள் சார், தானாக வரும்.

திருநகர்வாசி | மார்ச் 10, காலை 6.50

பால் வருகிறது. கிள்ளிய இடத்தில் வெள்ளையாக ஒரு சொட்டு, விரலில் பிசுபிசுப்பு. எருக்கு அளவுக்கு இல்லை, நந்தியாவட்டை அளவுக்கு.

மொட்டைமாடி | மார்ச் 10, காலை 7.30

நந்தியாவட்டை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்தக் குடும்பம்தான். அரளியும் நித்தியகல்யாணியும் அதற்குச் சொந்தம். மல்லிகைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அறிவியல் பெயர் டிரக்கிலோஸ்பெர்மம் ஜாஸ்மினாய்டிஸ், சொந்த ஊர் சீனா, கொரியா, ஜப்பான் பக்கம். பூவுக்கு ஐந்து இதழ், காற்றாடி மாதிரி ஒரே பக்கமாக முறுக்கியிருக்கும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் 'கோ 1' என்று வெளியிட்ட நட்சத்திர மல்லி வேறு. அது ஜாஸ்மினம் நிட்டிடம், அசல் மல்லிகை. குண்டுமல்லி ஓய்ந்து கிடக்கும் குளிர் மாதங்களிலும் பூக்கும், கிள்ளினால் பால் வராது. காக்கடா என்ற இன்னொரு மல்லிகையையும் ஸ்டார் ஜாஸ்மின் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே பெயர் என்றால் வாங்குகிறவர் என்ன செய்வார்?

கொடைமலை | மார்ச் 10, காலை 9.15

அந்தப் பால் கொடி எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது, கொடைக்கானலில். மார்கழியில் இலை செம்பு நிறத்துக்கு மாறும், மே மாதம் பூக்கும். அதற்கு நடுவில் ஒரு குளிர்காலம் வேண்டும் சார். மதுரையில் மார்கழி ராத்திரியே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அது எப்போது தூங்கி எப்போது எழுவது? பெங்களூரு தம்பி பொட்டாஷுக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிறார். உண்மையில் வேலை செய்தது அவர் ஊர் டிசம்பர் ராத்திரி.

இன்னொன்று கேட்க வேண்டும். கவாத்து எப்போது செய்தீர்கள்?

திருநகர்வாசி | மார்ச் 10, காலை 9.40

இரண்டு வருஷமும் தை மாதக் கடைசியில். மல்லி முல்லைக்கெல்லாம் அப்போதுதான் வெட்டுவார்கள் என்று சொன்னார்கள்.

கொடைமலை | மார்ச் 10, காலை 9.55

சரி, கதை முடிந்தது. இந்தக் கொடி போன வருஷம் விட்ட கிளையின் பக்கக் குருத்தில் மொட்டு வைக்கும். தையில் வெட்டினால் சித்திரையில் வர வேண்டியதையும் சேர்த்து வெட்டிவிடுகிறீர்கள். பூத்து முடிந்ததும் வெட்ட வேண்டும். பெயரில் ஜாஸ்மின் இருந்ததால் மல்லிக்குச் செய்யும் வைத்தியத்தை அதற்குச் செய்திருக்கிறீர்கள்.

செம்மண் | மார்ச் 10, பகல் 1.10

உசிலம்பட்டிப் பக்கம். முப்பது வருஷமாகப் பூ விவசாயம். ஒரு விஷயம் திருத்துகிறேன், நர்சரிக்காரர் மேல் கோபத்தில் இல்லை. மல்லியும் முல்லையும் ஒரே நாளில் வெட்டுவது கிடையாது. குண்டுமல்லிக்குக் கார்த்திகை, அதாவது நவம்பர் கடைசி. பிச்சிக்கு டிசம்பர் கடைசி. முல்லைக்குத்தான் தை, ஜனவரி கடைசி வாரம். மூன்றும் புதுக்குருத்தில் பூக்கிற சாதி, அதனால் வெட்டினால் வெடிக்கும்.

மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வாசனைக்குச் சீனாக்கொடி தேடியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். குண்டுமல்லி புதர், வலையில் ஏறாது. உங்கள் சுவருக்கு முல்லைதான். பாரி முல்லை ரகம் கிடைத்தால் வையுங்கள்.

திருநகர்வாசி | மார்ச் 10, இரவு 8.45

ஐயா சொன்னதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். 'நான் அன்றைக்கே சொன்னேன்' என்று ஒரே வரி, அப்புறம் சமையலறையில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் பலமாக.

ஆனால் தையில் முல்லையை வெட்டினால் செப்டிக் டேங்க் மறுபடி தெரியுமே? அப்புறம் இலை நுனி கருகுவதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. தண்ணீர் தினமும் ஊற்றுகிறேன். ஆர்.ஓ. மெஷினில் கழியும் தண்ணீரை வீணாக்காமல் ஒரு குடம் பிடித்துக் காலையில் இதற்குத்தான்.

மொட்டைமாடி | மார்ச் 10, இரவு 9.00

ஐயோ அண்ணே. அதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே!

மெஷின் நல்ல தண்ணீரை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, அதில் இருந்த உப்பையும் சேர்த்துக் கழிவுத் தண்ணீரில் தள்ளுகிறது. ஏற்கெனவே போர் தண்ணீர், அதைவிட உப்புக் கூடியது அது. பாத்ரூம் கழுவுங்கள், வண்டி கழுவுங்கள், செடிக்கு வேண்டாம். மெஷின் சர்வீஸுக்கு வரும் தம்பியிடம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், இரண்டையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். செடியைச் சுற்றி மண்ணில் வெள்ளையாக ஏடு படிந்திருக்கிறதா?

திருநகர்வாசி | மார்ச் 13, மாலை 6.30

அளந்தாயிற்று. போர் 1,100. கழிவுத் தண்ணீர் 1,700. மண்ணில் ஏடும் இருக்கிறது, நான் சாண உரம் காய்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நக்கிப் பார்த்தேன், உப்புக் கரிக்கிறது. வீட்டில் பார்த்துவிட்டார்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

செம்மண் | மார்ச் 13, இரவு 7.15

நக்கிப் பார்த்தது சரியான பரிசோதனை. எங்கள் அப்பா அப்படித்தான் பார்ப்பார்.

மேல் மண்ணை இரண்டு விரல் ஆழம் வழித்துப் போடுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் ஒரு நாள் நன்றாக ஊற விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். தினமும் ஒரு குடம் என்பதும் தப்பு. மேலாக நனைத்துக்கொண்டே இருந்தால் உப்பு மேலேயே உட்காரும். கோடையில் மூன்று நாளைக்கு ஒரு தடவை, ஆழமாக.

சுண்ணாம்புத் தண்ணீர் ஊருக்கு இன்னொரு எச்சரிக்கை. முல்லை வைத்த பிறகு இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது உரக்குறை இல்லை, இரும்புக்குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்துவிடும். அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மாதம் ஒரு தடவை, மஞ்சள் தெளியும்வரை இலையில் தெளித்தால் போதும்.

வலையங்குளம் மருமகள் | மார்ச் 14, காலை 5.20

மாமியார் வீடு முழுக்கப் பூ வேலை. பறித்து, கட்டி, மாட்டுத்தாவணிக்கு அனுப்பிவிட்டுத்தான் எங்களுக்கு விடியும். அதனால்தான் இந்த நேரம்.

முல்லைக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன், இனிமேல் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஒரு இலையை எடுத்து அடியில் பாருங்கள். காம்பு ஆரம்பிக்கும் இடத்தில் குட்டியாக இரண்டு இலை, கம்மல் போட்ட காது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சில இலையில் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, சில இலையில் இருக்கவே இருக்காது, ஆனால் ஒரு கொடியில் நாலு இலை பார்த்தால் ஒன்றிலாவது அகப்படும். பிச்சி என்றால் இலை இறகு மாதிரி, ஒரு காம்பில் ஏழு, ஒன்பது. மொட்டின் வெளிப்பக்கம் லேசாக ரோஸ் அடித்திருக்கும்.

எந்தப் பூ வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள் அண்ணே. பிச்சிக்கு வாசனை தூக்கல், ஆனால் அதற்குக் கம்பு பிடித்துக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், சாயும். முல்லை தானாகச் சுற்றும். எங்கள் வீட்டு முற்றத்தில் இருப்பது முல்லை, சாயங்காலம் ஆறரைக்கு மொட்டு வாய் திறக்கும்போது அடுப்படி வரை வரும்.

மறைப்புக்கு ஒரு வழி இருக்கிறது. நாங்கள் வயலில் ஒரேயடியாக வெட்டுவோம், விலை பார்த்து. உங்களுக்கு என்ன அவசரம்? தைக் கடைசியில் பாதிக் கொடியை வெட்டுங்கள், மூன்று வாரம் கழித்து அது துளிர்த்ததும் மீதியை. சுவர் மொட்டையாகாது.

செம்மண் | மார்ச் 14, காலை 8.00

பாதி பாதி வெட்டினால் பூவும் பாதி பாதியாகத்தான் வரும்.

வலையங்குளம் மருமகள் | மார்ச் 14, பகல் 2.30

மாமா, அவர் மார்க்கெட்டுக்கா போடப்போகிறார்? மதினி தலைக்கு ஒரு முழம், சாமிக்கு ஒரு முழம். பாதி பாதியாக வந்தால் நல்லதுதானே.

செம்மண் | மார்ச் 14, பகல் 3.10

அதுவும் சரிதான்.

பெங்களூரு மதுரைக்காரன் | மார்ச் 14, இரவு 10.40

வருஷம் முழுக்க அடர்த்தியாக மறைக்க வேண்டும் என்றால் ரங்கூன் மல்லி வைக்கலாமே. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, அடுத்தடுத்த நாளில் ரோஸாகி, சிவப்பாகும். கொத்துக்கொத்தாக.

மொட்டைமாடி | மார்ச் 14, இரவு 11.00

வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வைத்தார்கள். இப்போது அது மூன்று வீட்டில் இருக்கிறது. வேரிலிருந்து பத்தடி தள்ளிக் குருத்து விடும், செப்டிக் டேங்க் பக்கத்தில் வைப்பதற்கு அதைவிட மோசமான யோசனை கிடையாது.

நிரந்தரப் பச்சைக்கு என் ஓட்டு மனோரஞ்சிதம். சுவரின் தென்கோடியில் ஒன்று. சீத்தாப்பழக் குடும்பம், பூக்காம்பே கொக்கி மாதிரி வளைந்து வலையைப் பிடித்துக்கொள்ளும். பூ முதலில் பச்சையாக இலைக்குள் ஒளிந்திருக்கும், மஞ்சளாகும்போதுதான் பழ வாசனை. எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்த வாசனை என்பார்கள், என் மகள் பீட்சாவை நினைத்துப் பார்த்துவிட்டு ஏமாந்தாள். மெதுவாக வளரும், இரண்டு மூன்று வருஷம் பொறுமை வேண்டும்.

திருநகர்வாசி | மார்ச் 15, காலை 7.00

மனோரஞ்சிதம் வைத்தால் பாம்பு வரும் என்று அம்மா ஒரே பிடிவாதம்.

செம்மண் | மார்ச் 15, காலை 7.40

பாம்பு வாசனைக்கு வருவதில்லை, எலிக்கு வரும், தவளைக்கு வரும். அடியில் சருகும் செங்கலும் குவித்து வைத்தால் கறிவேப்பிலை அடியிலும் வரும். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கிளையைக் கழித்துவிட்டு, அடியைக் கூட்டி வைத்திருங்கள். அம்மாவிடம் விவாதம் செய்ய வேண்டாம். அந்த வயதில் ஒருவரும் தோற்க மாட்டார்கள்.

(இதன் பிறகு பாம்பு பற்றி வந்த பதினொரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். கொடியைப் பற்றி மட்டும் இங்கே பேசலாம். - நெறியாளர்)

கொடைமலை | மார்ச் 15, காலை 10.20

அந்த இரண்டு சீனாக்காரர்களைப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். மே மாதம் மதுரைக்கு வருகிறேன், கொடுத்தால் எடுத்துப்போகிறேன். முட்டளவுக்கு வெட்டி, வேர் மண்ணோடு ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் போதும்.

திருநகர்வாசி | மார்ச் 15, காலை 10.45

தாராளமாக. இரும்புக் குழாயும் கம்பி வலையும் இருக்கிறது, முல்லையை அதிலேயே ஏற்றலாம்தானே?

வலையங்குளம் மருமகள் | மார்ச் 16, காலை 5.45

சாயங்காலம் நாலு மணிக்குப் புறங்கையை அந்தக் குழாயில் வைத்துப் பாருங்கள், ஒரு நிமிஷம் வைக்க முடிந்தால் ஏற்றுங்கள். மேற்குச் சுவர், சித்திரை வெயில். சுற்றிய இளங்குருத்து அப்படியே கருகும்.

குழாயைக் கழற்ற வேண்டாம். சவுக்குக் கம்பை அதில் கட்டி, கம்புக்குக் கம்பு தேங்காய்நார்க் கயிறு இழுத்துவிடுங்கள். சுவரிலிருந்து அரையடியாவது தள்ளி இருக்கட்டும், நடுவில் காற்று ஓட வேண்டும்.

செம்மண் | மார்ச் 16, காலை 8.30

மருமகள் சொன்னதுதான். பாரி முல்லைக்குக் கொடுத்தது மரத்தேர். இரும்புத் தேராக இருந்தால் பறம்புமலை வெயிலில் அந்த முல்லையும் போயிருக்கும், பாட்டும் வந்திருக்காது. அந்தப் பறம்புமலைதான் இன்றைய பிரான்மலை, நம் ஊரிலிருந்து சிங்கம்புணரி தாண்டினால் வந்துவிடும், இன்னும் போகாதவர்கள் போய்ப் பாருங்கள்.

குழி இப்போதே எடுத்து ஆறப் போடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. செம்மண், மட்கிய தொழுவுரம், கொஞ்சம் மணல். பங்குனி சித்திரையில் நட வேண்டாம், ஜூனுக்கு மேல் ஒரு மழை விழட்டும். நாற்று ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வரும் வண்டியிலும் வாங்கலாம், ஆனால் அங்கே பிரதானம் குண்டுமல்லி. முல்லைக்கு மருமகளிடம் பதியன் கேளுங்கள், கிளையை மண்ணில் வளைத்து வேர் பிடிக்க வைத்த கன்று.

திருநகர்வாசி | ஜூலை 6, மாலை 5.50

மூன்று முல்லைப் பதியன் வலையங்குளத்திலிருந்து வந்து சேர்ந்தது, தங்கச்சிக்கு நன்றி. காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மதினிக்கு என்று இரண்டு முழம் பூவும் கொடுத்தனுப்பியிருக்கிறார். தென்கோடியில் மனோரஞ்சிதமும் நட்டாயிற்று. அம்மாவிடம் அது சீத்தாக்கன்று என்று சொல்லியிருக்கிறேன். குடும்பம் அதுதானே, பொய் இல்லை.

இலையைத் திருப்பிப் பார்த்தேன். காது இருக்கிறது!

திருநகர்வாசி | செப்டம்பர் 21, காலை 8.10

உதவி வேண்டும். இளம் இலையிலும் குருத்திலும் வெள்ளைக் கம்பளித்துணி மாதிரி படர்ந்து, இலை சுருண்டுவிட்டது. மாவுப்பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன், போகவில்லை. கடையில் கேட்டதற்குச் சல்பர் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு அதை அடித்தேன். இப்போது கம்பளி இல்லாத இலையும் பொசுங்கியிருக்கிறது.

மொட்டைமாடி | செப்டம்பர் 21, காலை 8.40

கம்பளி மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்தி. எரியோபிட் என்பார்கள். செடி தன் மேலே வளர்த்துக்கொள்கிற ரோமம்தான் அந்த வெள்ளை, அதனால் தேய்த்தால் போகாது. அதற்குச் சல்பர் சரியான மருந்து, நனையும் தூள் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் எண்ணெய் அடித்த இலையில் இரண்டு வாரமாவது கழித்துத்தான் சல்பர் படலாம், சேர்ந்தால் இலை வேகும். உச்சி வெயில் வேறு. இரண்டு தப்பையும் ஒரே நாளில் செய்திருக்கிறீர்கள்.

கம்பளி பிடித்த கிளையை வெட்டி எரித்துவிடுங்கள். உரப்பையில் போட வேண்டாம். பொசுங்கிய இலை உதிரும், குருத்து வரும். பயப்பட வேண்டாம்.

திருநகர்வாசி | ஜனவரி 29, மாலை 6.15

ஐப்பசி மழைக்குப் பிறகு கொடி வலையின் உச்சிக்குப் போய்விட்டது, ஸ்கூட்டர் மறைந்துவிட்டது. இன்றைக்கு வடக்குப் பாதியை வெட்டினேன். கை நடுங்கியது. கொடைமலை சார், நம் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள்?

கொடைமலை | ஜனவரி 29, இரவு 9.30

இரண்டும் பிழைத்துவிட்டன. இலை செம்பு நிறமாகி நிற்கிறது, உங்கள் வீட்டில் அது பார்க்காத நிறம். பூ பற்றி இப்போது கேட்க வேண்டாம்.

திருநகர்வாசி | ஏப்ரல் 17, இரவு 7.05

நேற்று சாயங்காலம் இருபத்தெட்டு மொட்டு. எண்ணினேன். முழத்துக்குப் போதாது, நாரில் கட்டினால் நாலு விரல்கடை வந்தது. ஆறே முக்காலுக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, 'என்ன சார், வீட்டில் பூ வாங்கியிருக்கிறீர்களா?' என்றார். இப்போது அவருக்கு ஒரு கன்று வேண்டுமாம். பதியன் எப்படிப் போடுவது?

வலையங்குளம் மருமகள் | ஏப்ரல் 18, காலை 5.30

இப்போது வேண்டாம் அண்ணே, வெயில். மழை விழுந்ததும் பென்சில் கனத்தில் போன வருஷத்துக் கிளை ஒன்றைத் தரைக்கு வளையுங்கள். கணுவுக்குக் கீழே பிளேடால் நாக்கு மாதிரி ஒரு கீறல், பாதி ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. கீறல் மூடிக்கொள்ளாமல் இருக்கச் சின்னக் குச்சி செருகுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள், நுனி வெளியே, மேலே ஒரு கல். மூன்று மாதத்தில் வேர் பிடிக்கும். உடனே பிரிக்காமல், தாய்க்கொடிப் பக்கம் முதலில் பாதி வெட்டு, இரண்டு வாரம் கழித்து மீதி.

அவர் ஸ்கூட்டரை எடுத்தால்தான் கன்று என்று சொல்லிப் பாருங்கள்.